பி-52க்கு நாலே எஞ்சின்: நடக்காமல் போன ஒரு விமானத்தின் 1/144 மாடல்

குண்டூசி | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒன்றை இந்த மாதம் கையில் எடுத்துவிட்டேன். அமெரிக்க விமானப்படையின் பி-52எச் குண்டுவீச்சு விமானம். ஆனால் இருக்கிறபடி கட்டப் போவதில்லை. எட்டு எஞ்சினையும் கழற்றிவிட்டு நாலு பெரிய எஞ்சின் மாட்டிய பி-52. அப்படி ஒரு விமானம் எந்த ஓடுதளத்திலும் நின்றதில்லை, காகிதத்தில் மட்டும் இருந்தது.

1996இல் போயிங் நிறுவனம் கேட்காமலேயே விமானப்படையிடம் ஒரு திட்டத்தைக் கொண்டுபோய் நீட்டியது. 757 பயணிகள் விமானத்தில் இருக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்பி211-535 எஞ்சினில் நாலை மாட்டிக்கொள்ளுங்கள் என்று. பி-52எச்சில் இருக்கும் டிஎஃப்33 ஒன்றின் உந்துவிசை 17,000 பவுண்டு, எட்டும் சேர்ந்தால் 1,36,000. ஆர்பி211-535 ஒன்றே 43,000 பவுண்டு கொடுக்கும், நாலு சேர்ந்தால் 1,72,000. எண்ணிக்கை பாதி, விசை கால் பங்கு கூடுதல். எடையிலும் ஒரு ஆர்பி211 கிட்டத்தட்ட இரண்டு டிஎஃப்33க்குச் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விமானப்படை கணக்குப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

1/144 (நிஜ அளவில் 144இல் ஒரு பங்கு) எடுத்ததற்குக் காரணம், பயணிகள் விமானக் கிட்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகின்றன. அதனால் 757 கிட்டிலிருந்து எஞ்சினை அப்படியே பிய்த்துக்கொள்ளலாம். ஒரு 757க்கு இரண்டு எஞ்சின்தானே, ஆகவே இரண்டு கிட் வாங்க வேண்டியிருந்தது. எஞ்சின் இல்லாத இரண்டு 757 இப்போது அட்டைப்பெட்டியில் படுத்திருக்கின்றன. வீட்டில் விலை கேட்டார்கள், பாதி சொன்னேன்.

பைலானை, அதாவது எஞ்சினை இறக்கையோடு பிடித்திருக்கும் தாங்கியை, எப்படி அமைப்பது என்று யாராவது யோசனை சொல்லுங்கள்.

எழுபத்திரண்டு | ஞாயிறு, இரவு 9.31

1/144ஆ? பி-52ஐ 1/72இல் கட்டாதவன் பி-52 கட்டியதாகவே கணக்கில்லை.

டெக்கல்ராணி | ஞாயிறு, இரவு 9.40

எழுபத்திரண்டு, நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 56.4 மீட்டர். 1/72இல் அது 78 சென்டிமீட்டர். என்னிடம் அந்தக் கிட் இருக்கிறது. எட்டு வருடமாக இருக்கிறது. பெட்டியோடு, பீரோ மேலே. 1/144இல் 39 சென்டிமீட்டர்தான், ஒரு புத்தக அலமாரியில் உட்கார்ந்துவிடும். குண்டூசி எடுத்த முடிவு சரி.

பைலானுக்கு ஒரு வழி இருக்கிறது தம்பி. 747க்காகச் செய்த ஜேடி9டி எஞ்சினை 1968இல் ஒரு பி-52இ விமானத்தில்தான் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். வலது பக்கம் உள் பைலானில் இரட்டை எஞ்சினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றையாக ஒரு ஜேடி9டி. மற்ற ஆறும் பழையபடியே. தேடினால் படங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் கன்னம் வீங்கி பல்வலிக்காரர் மாதிரி இருக்கும். இறக்கைக்குக் கீழே நேராகத் தொங்காமல் எஞ்சின் எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்று அந்தப் படத்தில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர் | திங்கள், காலை 6.05

குண்டூசி தம்பி, எஞ்சினை மாட்டுவதெல்லாம் பிறகு. முதலில் வாலைப் பாருங்கள்.

இப்போதிருக்கும் பி-52இல் ஆகக் கடைசி எஞ்சின் நின்றுபோனால் அந்தப் பக்கம் 17,000 பவுண்டு குறையும். விமானி சுக்கானை மிதித்துச் சமாளித்துவிடுவார். பக்கத்துக்கு நாலு எஞ்சின் இருப்பதன் வசதி அதுதான். உங்கள் விமானத்தில் அதே இடத்தில் 43,000 பவுண்டு போகும். அதே தூரம், இரண்டரை மடங்கு விசை, ஆகவே மூக்கைத் திருப்புகிற முறுக்கும் இரண்டரை மடங்கு. மேலெழும் நேரத்தில் வேகம் குறைவாக இருக்கும்போது இது நடந்தால் சுக்கான் தாங்க வேண்டும். பி-52இன் சுக்கானைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய வால் துடுப்பில் பின் ஓரத்தில் ஒரு ரிப்பன் மாதிரி. துடுப்பின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

நாலு எஞ்சின் யோசனை வந்தபோதெல்லாம் குறுக்கே வந்து நின்ற கேள்விகளில் இது முக்கியமானது. கடைசியில் 2021 செப்டம்பரில் ரோல்ஸ்-ராய்ஸ் எஃப்130 எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுவும் எட்டு. ஒவ்வொன்றும் பழைய டிஎஃப்33 அளவு விசைதான். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 தனியார் ஜெட்டில் இருக்கும் பிஆர்725 எஞ்சினின் ராணுவ வடிவம் அது. எண்ணிக்கையும் விசையும் மாறாததால் வாலைத் தொட வேண்டியதில்லை. அந்த விமானத்துக்கு பி-52ஜே என்று பெயர். கடைசி பி-52எச் தொழிற்சாலையை விட்டு வந்தது 1962 அக்டோபரில். இன்னும் 76 விமானம் சேவையில் இருக்கிறது, அவற்றுக்குத்தான் இந்த எஞ்சின் மாற்றம்.

குண்டூசி | திங்கள், காலை 8.50

ஃபிட்டர் சார், ஆபீஸ் பஸ்ஸில் படித்தேன். வயிற்றில் புளி கரைத்துவிட்டீர்கள். எஞ்சின் இரண்டை நேற்று ராத்திரியே ஒட்டி முடித்துவிட்டேன்.

எழுபத்திரண்டு | திங்கள், காலை 9.15

அட, கற்பனை விமானத்துக்கு எதற்கு சார் சுக்கான் கணக்கு? பிளாஸ்டிக் பறக்கவா போகிறது? நானாக இருந்தால் எஞ்சினோடு லேசர் பீரங்கியும் வைப்பேன்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர் | திங்கள், காலை 9.48

வையுங்கள். அதற்கு விண்கலம் என்று பெயர் வைத்துவிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பி-52 என்று சொன்னால் அது பி-52 மாதிரி அடம் பிடிக்க வேண்டும்.

டெக்கல்ராணி | திங்கள், மதியம் 1.20

இந்தச் சண்டை நடக்கும்போது எனக்கு டேட்டன் கதைதான் ஞாபகம் வரும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1948 அக்டோபர். ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரத்தில் விமானப்படை அலுவலகம். போயிங் பொறியாளர்கள் ஒரு பெரிய டர்போபிராப் குண்டுவீச்சு விமானத்தின் வரைபடத்தோடு வந்து நிற்கிறார்கள். அதைப் பார்த்த கர்னல் வார்டன், புரொப்பெல்லரை விடுங்கள், ஜெட்டில் யோசியுங்கள் என்று திருப்பி அனுப்புகிறார். அவர்கள் சியாட்டிலுக்குத் திரும்பவில்லை. வான் கிளீவ் ஹோட்டல் அறையில் உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. எட் வெல்ஸ் வரைகிறார், மற்றவர்கள் எடையையும் வேகத்தையும் கணக்குப் போடுகிறார்கள். ஜார்ஜ் ஷைரர் ஊருக்குள் போய் ஒரு ஹாபி கடையில் பால்சா மரமும் பசையும் செதுக்கும் கத்தியும் வெள்ளி நிறப் பெயின்ட்டும் வாங்கிவந்து, ஹோட்டல் அறையிலேயே 14 அங்குல மாடல் ஒன்றைச் செதுக்கினார். திங்கட்கிழமை காலை 33 பக்க அறிக்கையும் அந்த மாடலும் கர்னல் மேசைக்குப் போயின. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, நாலு பைலான், எட்டு ஜெட். அதுதான் பி-52. நிஜ விமானம் முதலில் பறந்தது 1952 ஏப்ரல் 15.

அதாவது பி-52இன் முதல் வடிவமே, இல்லாத விமானத்துக்கு ஹாபி கடைச் சாமானில் கட்டிய மாடல்தான். ஆனால் பக்கத்தில் 33 பக்கம் கணக்கு இருந்தது. எழுபத்திரண்டு, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

எழுபத்திரண்டு | திங்கள், மதியம் 1.34

சரி சரி, லேசரை எடுத்துவிட்டேன்.

குண்டூசி | புதன், இரவு 11.02

இரண்டு நாள் யோசித்து இப்படி முடிவு செய்திருக்கிறேன்.

ஒன்று, வால். பி-52 ஏ முதல் எஃப் வரை வால் உயரம், தரையிலிருந்து 48 அடி. ஜி, எச் வரிசையில் அதை வெட்டி 40 அடி ஆக்கிவிட்டார்கள். என் கற்பனையில் அந்தப் பழைய உயரம் திரும்பி வருகிறது. 1/144இல் கிட்டத்தட்ட 1.6 சென்டிமீட்டர் கூடுகிறது. கிட்டின் துடுப்பை உச்சியில் அறுத்து, ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு இரண்டை ஒட்டி, அரத்தால் ராவி இறக்கினேன். சுக்கான் ரிப்பனை அழித்துவிட்டு அதைப் போல மூன்று மடங்கு அகலத்துக்குப் புதுக் கோடு கீறினேன்.

இரண்டு, வெளி பைலானை உடல் பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் தள்ளிவிட்டேன். தூரம் குறைந்தால் முறுக்கும் குறையும். அதற்காக வெளிப்பக்க ஃபிளாப்பை (இறக்கையின் பின் ஓரத்தில் கீழே இறங்கும் பலகை) இரண்டாகப் பிரித்தேன். ஜி, எச் இரண்டிலும் எய்லரான் (பின் ஓரத்தில் மேலும் கீழும் அசையும் பலகை) கிடையாது, சாய்ந்து திரும்புவதற்கு இறக்கையின் மேலே எழும் ஸ்பாய்லர் பலகை மட்டும்தான் என்பதால் இறக்கையின் பின் ஓரத்தில் வேறு சிக்கல் வரவில்லை.

ஃபிட்டர் சார், பாஸா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர் | வியாழன், காலை 5.50

பாஸ். ஆனால் தரையிலிருந்து எஞ்சின் இடைவெளியைப் பாருங்கள். ஆர்பி211-535இன் விசிறி மட்டும் 74 அங்குலம், உங்கள் அளவில் 13 மில்லிமீட்டர். மேலுறை அதைவிடப் பெரிது. டேங்கை நிரப்பினால் பி-52இன் இறக்கை தொங்கும், நுனிச் சக்கரம் தரையைத் தொடும். எரிபொருள் இல்லாமல் நிற்கும்போது அந்தச் சக்கரம் காற்றில் ஆடும். நீங்கள் நிரப்பிய விமானத்தைக் காட்டுகிறீர்களா, காலியையா? அதைத் தீர்மானித்துவிட்டு பைலானை ஒட்டுங்கள்.

குண்டூசி | சனி, மாலை 4.27

நிரப்பிய விமானம்.

இன்றைய வேலையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், புதிதாகச் செய்பவர்களுக்கு உதவும். எஞ்சினை 757 பைலானோடு சேர்த்துத்தான் ஒட்டியிருந்தேன். அந்தப் பைலான் உயரம் அதிகம், அப்படியே மாட்டினால் உள் எஞ்சின்கூடத் தரையை உரசும். நகைக்கடை ரம்பத்தால் மேலுறைக்கு ஒட்டினாற்போல அறுத்தேன். ஒன்று சுத்தமாக வந்தது. இரண்டாவது அறுக்கும்போது பிளேடு பக்கவாட்டில் இழுத்து மேலுறையில் அரை மில்லிமீட்டர் பள்ளம். புட்டி காய ராத்திரி முழுக்க ஆகும். அதனால் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைப் பழைய சிடி மேல் கொஞ்சம் கொட்டி, உடனடிப் பசை இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து, பல்குத்தும் குச்சியால் பள்ளத்தில் அப்பினேன். பத்து நிமிடத்தில் இறுகிவிடும். முழுசாகக் கல்லாவதற்குள் உப்புத்தாள் போட்டுவிட வேண்டும், 400, அப்புறம் 800, கடைசியில் தண்ணீர் தொட்டு 1500. ஒரு நாள் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியிருப்பது தேயும், அது தேயாது.

புது பைலானுக்குத் தகடு இரண்டு அடுக்கு. உள்ளே குண்டூசி ஒன்றைத் தலை நறுக்கிச் சொருகி, இறக்கையில் கைத் துளைப்பானால் ஓட்டை போட்டு மாட்டினேன். வெறும் பசையை நம்பினால் தூசி தட்டும்போது எஞ்சின் கையோடு வந்துவிடும். (என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்.) எஞ்சினின் வாய் இறக்கையின் முன் ஓரத்துக்கு நன்றாக முன்னால் நிற்கிறது, டெக்கல்ராணி அக்கா சொன்ன படத்தில் இருப்பது மாதிரி.

இறக்கை தொங்க வேண்டுமே. வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியில் காட்டிக் கையால் வளைத்தேன். இடது இறக்கை நல்லபடியாக வளைந்தது. வலதில் கொஞ்சம் அதிகம் காட்டிவிட்டேன், அப்பளம் மாதிரி அலை விழுந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் முக்கி, இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்து மேலே அகராதியை ஏற்றியிருக்கிறேன். நாளைக்குத் தெரியும்.

புதுசு | சனி, மாலை 5.01

அண்ணா, மூக்கு ஓரத்தில் பிளாஸ்டிக் சுருங்கின மாதிரி நிஜ விமானப் படத்தில் தெரிகிறதே, அதுவும் ஆவி பட்டதா?

டெக்கல்ராணி | சனி, மாலை 5.20

இல்லை கண்ணா. அது நிஜமாகவே சுருங்கியிருக்கும். எடையைக் குறைக்க மேல்தகட்டை மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள், தரையில் நிற்கும்போது காக்பிட்டுக்குப் பின்னால் அலை அலையாக மடிப்பு விழும், பறக்கும்போது விரிந்துவிடும். 1/144இல் அதைச் செதுக்காதே, யானைத் தோல் மாதிரி ஆகிவிடும். அடி நிறத்தில் இரண்டு சொட்டு வெள்ளை கலந்து சாய்கோடாக மெல்லிய நிழல் கொடு, போதும்.

நீர்வேலியான் | ஞாயிறு, காலை 7.44

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். கனக்க நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேலை நல்ல துப்புரவு தம்பி, குறை சொல்ல இல்லை. ஒன்று மட்டும் கேட்கலாமோ?

எங்கட ஊரில் இதுக்குப் பேர் பொம்மர். சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்தில் இருந்து பங்கருக்குள் ஓடுவோம். எந்த விமானம் எண்டு சத்தத்திலேயே பிடிப்போம். இப்ப நானும் மாடல்தான் கட்டுகிறேன், ஆனால் பயணிகள் விமானம் மட்டும். பி-52 எண்டால் எனக்கு முதலில் வருவது 1972 டிசம்பர். 18ஆம் தேதி முதல் 29 வரைக்கும் வியட்நாமில் ஹனோய்க்கும் ஹைபோங்குக்கும் மேலே அடித்தார்கள். 26ஆம் தேதி இரவு காம் தியென் எண்ட தெருவில் வீடுகளோடு சனம் போனது. பி-52உம் 15 விழுந்தது. ஹனோயில் ஒரு குட்டிக் குளத்தில் உடைந்த துண்டொன்று இண்டைக்கும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்குது, சுற்றிவர வீடுகள்.

கட்டாதையும் எண்டு சொல்ல இல்லை. பக்கவாட்டில், போய் அடிச்ச ஒவ்வொரு தடவைக்கும் ஒண்டாக, குண்டு அடையாளம் வரிசையாக ஒட்டப் போறீரோ எண்டுதான் கேட்க வந்தேன்.

எழுபத்திரண்டு | ஞாயிறு, காலை 8.10

அண்ணே, பொழுதுபோக்கு இழையில் அரசியல் வேண்டாமே.

ஓய்வுபெற்ற ஃபிட்டர் | ஞாயிறு, காலை 8.32

அவர் அரசியல் பேசவில்லை. விமானத்தைக் கீழே நின்று பார்த்தவர் அவர். நான் மேலே நின்று திருகாணி முடுக்கியவன். இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறோம்.

குண்டூசி | ஞாயிறு, இரவு 10.15

நீர்வேலியான் அண்ணா, உண்மையைச் சொல்கிறேன். குண்டு அடையாள டெக்கல் (ஒட்டுப்படம்) கிட்டில் இருந்தது, ஒட்டுவதாகத்தான் இருந்தேன். நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்தக் குளத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். டெக்கலை வெட்டித் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

கணக்கின்படியும் அது பொருந்தாது என்று இப்போதுதான் தோன்றுகிறது. இது போகாத விமானம். எங்கும் போகாத விமானத்துக்கு என்ன அடையாளம்?

அப்புறம் இறக்கை: அகராதி வேலை செய்துவிட்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் நுனியில் ஒரு சின்ன அலை தெரிகிறது. அதை யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம்.

டெக்கல்ராணி | திங்கள், காலை 10.05

பெயின்ட் என்ன கொடுக்கப் போகிறீர்கள்? இன்றைக்குப் பறக்கும் விமானம் முழுக்க ஒரே கறுஞ்சாம்பல். 1/144இல் அதை அப்படியே அடித்தால் இரும்புக் கரண்டி மாதிரி உயிரில்லாமல் போகும். என் ஓட்டு 1960களில் வந்த திட்டுத் திட்டான பெயின்ட்டுக்கு: மேலே காக்கி மஞ்சளும் இரண்டு பச்சையும், வயிறு வெள்ளை. அணுகுண்டு வெளிச்சத்தின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்காக அடித்த வெள்ளை அது.

ஓய்வுபெற்ற ஃபிட்டர் | திங்கள், காலை 10.40

1996இல் வந்த திட்டத்துக்கு 1960களின் சட்டையா? அப்போது எல்லாமே சாம்பல்தான். வால் துப்பாக்கியும் கூடாது, சுடுநர்களை 1991லேயே இறக்கிவிட்டார்கள். கிட்டில் இருக்கும் துப்பாக்கிக் குழாயை ஒட்டாமல் ஓட்டையை மூடுங்கள்.

குண்டூசி | வெள்ளி, இரவு 11.48

ஃபிட்டர் சார் சொன்னபடி சாம்பல், அக்கா சொன்னபடி உயிர். கறுப்பு ப்ரைமர் மேல் பேனல் நடுவில் மட்டும் வெளிர் சாம்பலைப் புள்ளி புள்ளியாக ஏர்பிரஷ் செய்து, அதற்கு மேல் கறுஞ்சாம்பலை ரொம்பத் தண்ணீராகக் கலந்து நாலு மெல்லிய பூச்சு. அடியில் இருக்கும் புள்ளிகள் மங்கலாகத் தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். ஐந்தாவது பூச்சுக்கு கை துறுதுறுத்தது, எழுந்து போய் டீ போட்டேன். வால் துடுப்பில் மேலே நான் சேர்த்த துண்டு மட்டும் பக்கத்தைவிட ஒரு சாயல் புதுசாக இருக்கிறது, பழைய விமானத்தில் பிற்பாடு வேலை செய்த மாதிரி. முதலில் தவறுதலாக விழுந்ததுதான். அழிக்க மனம் வரவில்லை.

எஞ்சின் வாயின் விளிம்பு மட்டும் வெள்ளி. நாலு வெள்ளி வளையம். அது வந்தவுடன் பி-52 என்ற எண்ணமே போய், ஏதோ சரக்கு விமானக் கம்பெனி வாங்கிய பழைய விமானம் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பிடித்திருக்கிறது. படம் நாளைக் காலை, வெயிலில்.

எழுபத்திரண்டு | சனி, காலை 9.02

படம் எங்கே?

குண்டூசி | சனி, காலை 9.55

இடது இறக்கை நுனிச் சக்கரத்தைக் காணோம். இடுக்கியிலிருந்து டிக் என்று தெறித்தது. அரிசி மணியில் பாதி அளவு. ஒரு மணி நேரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன். டேங்க் நிரப்பிய விமானம் என்று வேறு சொல்லிவிட்டேன், சக்கரம் தரையைத் தொட்டாக வேண்டும்.

நீர்வேலியான் | சனி, காலை 10.20

வாக்யூம் கிளீனர் வாயில் பழைய நைலோன் சொக்ஸ் ஒன்றை இழுத்துக் கட்டிப்போட்டு உறிஞ்சும் தம்பி. தூசி உள்ளே போகும், சக்கரம் சொக்ஸில் நிற்கும். கட்டிலுக்குக் கீழே தொடங்கும். தெறிச்சது எப்பவும் நினைச்ச பக்கத்தில் இருக்காது.

குண்டூசி | சனி, காலை 11.36

கிடைத்துவிட்டது அண்ணா. சோபாவுக்கு அடியில், நான் தேடிய பக்கத்துக்கு நேர் எதிரில். கூடவே மூன்று வருடத்துக்கு முன்னால் தொலைத்த ஒரு மிக்-21 மூக்குச் சக்கரமும் வந்தது. அந்த மிக்-21ஐ அப்போதே சக்கரம் உள்ளிழுத்தபடி பறப்பதாக மாற்றித் தொங்கவிட்டுவிட்டேன்.

படம் பத்து நிமிடத்தில்.